"கொஞ்சம் கல் இருக்கும்" என்றால் எவ்வளவு கல்?

முழங்கால்தழும்பு | ஞாயிறு, இரவு 9.12

நேற்றுக் காலை சிங்கப்பூர் புக்கிட் தீமா மலைச் சைக்கிள் பாதையில் விழுந்தேன். இடது முழங்காலில் ஐந்து தையல், வலது உள்ளங்கையில் தோல் இல்லை. மனைவி இன்னும் பேசத் தொடங்கவில்லை. அனுதாபம் தேடி இதை எழுதவில்லை. ஒரு வாக்கியத்தின் மேல் புகார் கொடுக்க வந்திருக்கிறேன்.

நம் குழுவின் பாதைக் குறிப்புகளில் அந்த இறக்கத்தைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: "திருப்பம் தாண்டியதும் கொஞ்சம் கல் இருக்கும், பார்த்துப் போங்கள்." முந்தைய இரவு அதைப் படித்துவிட்டுத்தான் போனேன். கொஞ்சம் கல் என்றதும் என் மனத்தில் வந்தது எங்கள் புளோக்குக்குக் கீழே பூச்செடியைச் சுற்றிக் கொட்டியிருக்கும் சரளை. திருப்பம் தாண்டினேன். அங்கே இருந்தவை தலையணை அளவுக் கற்கள். இரண்டு கற்களுக்கு நடுவே முன் சக்கரம் மாட்டிக்கொண்டது. சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை.

என் கேள்வி இதுதான். ஒரு பாதை "கரடுமுரடு", "கல் பாதை", "கஷ்டம்" என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன தெரிகிறது? எதுவுமே தெரிவதில்லை. பூரான் என்றும் பாம்பு என்றும் சொல்லாமல் "ஒரு பூச்சி இருக்கிறது" என்று எச்சரிப்பதைப் போலத்தான். கல்லை வேறு எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெல்லமிதி | ஞாயிறு, இரவு 9.50

அந்த வரியை எழுதியவன் நான்தான். முதலில், முழங்கால் சீக்கிரம் ஆறட்டும் தம்பி.

ஆனால் நான் பொய் எழுதவில்லை. அந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் கல்தான் தெரிகிறது. பதினோரு வருடமாக அதே இறக்கத்தில் போகிறேன். 29 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். பிரேக்கை விட்டுவிட்டு உடம்பைத் தளர்த்தினால் சைக்கிளே பார்த்துக்கொள்ளும். நீங்கள் எந்த வண்டியில் போனீர்கள்? வாடகைக்கு எடுத்ததா?

"பார்த்துப் போங்கள்" என்றும் எழுதியிருந்தேன் என்பதைக் கவனிக்கவும்.

முழங்கால்தழும்பு | ஞாயிறு, இரவு 10.03

சொந்த வண்டிதான் அண்ணே. பின் சஸ்பென்ஷன் கிடையாது. பார்த்துத்தான் போனேன். கல் வருவதைப் பார்த்தேன், மிக அருகில் பார்த்தேன்.

வண்ணப்பலகை | ஞாயிறு, இரவு 11.20

இதற்குத்தான் உலகம் முழுவதும் நிறக் குறியீடு வைத்திருக்கிறார்கள். நாம் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. சர்வதேச மலைச் சைக்கிள் சங்கமான இம்பா, பனிச்சறுக்குத் தலங்களின் குறிகளை எடுத்துப் பாதைகளுக்கு மாற்றியமைத்தது. வெள்ளை வட்டம் மிக எளிது, பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம்.

ஐந்து விஷயங்களைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்கிறார்கள்: பாதையின் அகலம், தரையின் உறுதி, சராசரிச் சாய்வு, அதிகபட்சச் சாய்வு, தவிர்க்க முடியாத தடைகளின் உயரம். கல்லுக்கு வேண்டியது கடைசி விஷயம். பச்சையில் 5 செ.மீ. வரை, நீலத்தில் 20 செ.மீ. வரை, கறுப்பில் 38 செ.மீ. வரை, அதற்கு மேல் போனால் இரட்டைக் கறுப்பு. அகலமும் அப்படியே குறைந்துகொண்டே போகும்: பச்சைக்கு 90 செ.மீ., நீலத்துக்கு 60, கறுப்புக்கு 30, இரட்டைக் கறுப்புக்கு வெறும் 15. கடைசியில் சொன்னது ஒரு சாண் கூட இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே குறிப்பில் "நீலம்" என்று ஒரு சொல் போட்டிருந்தால் தம்பி விழுந்திருக்க மாட்டார்.

கெத்தாம்காற்று | திங்கள், காலை 7.05

ஐயோ, நீலம் என்று போட்டிருந்தாலும் விழுந்திருப்பார்.

வண்ணப்பலகை சொன்ன எண்கள் சரிதான். ஆனால் அவற்றை நம் சைக்கிளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 29 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 37 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கறுப்பின் எல்லையான 38 செ.மீ. கிட்டத்தட்ட அந்த உயரம்தான். அச்சு உயரத்துக்கு ஒரு கல் நெட்டுக்குத்தாக நின்றால் சக்கரம் உருண்டு ஏறாது, முட்டி நிற்கும். முன் சக்கரத்தைத் தூக்கி வைக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அதற்குமேல் வழி.

இதைவிடச் சுவையானது நீலத்தின் 20 செ.மீ. பெரும்பாலான மலைச் சைக்கிள்களில் மிதி சுழலும் அச்சு 33, 34 செ.மீ. உயரத்தில் இருக்கும். மிதியைத் தாங்கும் கரத்தின் நீளம் 17 செ.மீ. கழித்துப் பாருங்கள்: கீழே வந்து நிற்கும் மிதிக்கும் தரைக்கும் இடையே 16, 17 செ.மீ.தான். அதாவது நடுத்தரம் என்று பெயர் பெற்ற நீலப் பாதையிலேயே உங்கள் மிதியில் அடிக்கும் கல் இருக்கலாம். ஒரு மிதி கீழே இருக்கும் நேரத்தில் அப்படி ஒரு கல் வந்தால் கதை முடிந்தது. இரண்டு மிதிகளையும் மட்டமாக வைத்துக்கொண்டு போகத் தெரிந்தவருக்கு அது நீலம், தெரியாதவருக்குக் கறுப்பு.

நான் வார இறுதிகளில் புலாவ் உபின் தீவுக்குப் போகிறவன். கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் கடினத்தைக் காட்டும் பலகைகள் இருக்கின்றன. அங்கே ஒரு பலகையின் முன்னே இரண்டு பேர் அரை மணி நேரம் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். இருவருமே பிறகு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார்கள்.

ஈரச்சங்கிலி | திங்கள், காலை 8.30

அந்த இருவரில் ஒருவன் நான். தள்ளவில்லை, தூக்கிக்கொண்டு போனேன். வரலாறு சரியாகப் பதிவாக வேண்டும்.

சல்லிக்கணக்கு | திங்கள், இரவு 8.45

வணக்கம். நான் இங்கே கட்டுமானத் துறையில் வேலை செய்கிறேன், ஊர் தருமபுரிப் பக்கம். சைக்கிளுக்குப் புதியவன், கல்லுக்குப் பழையவன். அதனால் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வேலையில் "கொஞ்சம் கல் அனுப்புங்கள்" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் லாரிக்காரர் சிரிப்பார். ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, சிப்ஸ், தூசி என்று சொல்லித்தான் வாங்குவோம். ஒன்றரை என்றால் ஒன்றரை அங்குலம், கிட்டத்தட்ட 40 மி.மீ.; முக்கால் என்றால் 20 மி.மீ. அதற்கு மேல் போனால் கைக்குள் அடங்காத கல், இரண்டு கையால் தூக்கும் கல், இரண்டு ஆள் தூக்கும் கல், கடப்பாரை போட்டு நெம்பும் கல். உடம்பை வைத்துச் சொல்லும் அளவு இது. டேப் இல்லாமலே எல்லோருக்கும் புரியும்.

ஆனால் அளவு பாதி விஷயம்தான். மீதிப் பாதி, கல் உட்கார்ந்திருக்கிறதா என்பது. மண்ணில் பாதி புதைந்து அசையாமல் இருக்கும் கல்லின் மேல் என்ன ஏற்றினாலும் அது தாங்கும். அதே அளவுக் கல் மண்ணின் மேல் சும்மா கிடந்தால் மிதித்த கணத்தில் உருளும். எங்கள் ஊரில் முன்னதைப் பதிந்த கல் என்போம், பின்னதைப் பெயர்ந்த கல் என்போம். சாரத்துக்கு அடியில் பெயர்ந்த கல் கிடந்தால் மேற்பார்வையாளர் கத்துவார்.

போன மாதம் முதல்முறையாக இந்தப் பாதையில் போனேன். என்னைப் பயமுறுத்தியது பெரிய கல் இல்லை. பெரிய கற்கள் எல்லாம் பதிந்தவை. இறக்கத்தின் முடிவில் ஒன்றரை ஜல்லி அளவில் பெயர்ந்து குவிந்து கிடந்தது பாருங்கள், அதில்தான் முன் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியது. உங்கள் கணக்கில் அது வெறும் 4 செ.மீ., பச்சை. எனக்கு அது சிவப்பு.

வண்ணப்பலகை | திங்கள், இரவு 9.10

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், தரையின் உறுதி என்று தனியாக ஓர் அளவுகோல் இருக்கிறது என்று நானே எழுதியிருந்தேன். பச்சைக்கு உறுதியான தரை, கறுப்புக்கு மாறிக்கொண்டே இருக்கும் தரை.

சல்லிக்கணக்கு | திங்கள், இரவு 9.18

இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து விஷயத்தையும் ஒரே நிறத்துக்குள் போட்டுப் பிசைந்த பிறகு எது எதனால் வந்தது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? குறுகலால் கறுப்பா, கல்லால் கறுப்பா?

மெல்லமிதி | திங்கள், இரவு 9.40

இது நல்ல கேள்வி. நானும் இறங்கி வருகிறேன்.

ஒன்று சேர்க்கிறேன். டயரில் காற்று எவ்வளவு என்பதும் கல்லின் அளவை மாற்றுகிறது. பெட்ரோல் நிலையத்தில் கல் மாதிரி இறுக்கி 40 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு கல்லும் அறைந்து தூக்கி எறியும். என் எடைக்கு டியூப் இல்லாத டயரில் முன்னால் 22, பின்னால் 25 வைக்கிறேன். டயர் கல்லைச் சுற்றிக் கவ்வும். டியூப் வைத்தவர்கள் அவ்வளவு இறக்கக் கூடாது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

ஆகவே, எழுதுகிறவர் எந்த வண்டியில் போய் எழுதினார் என்பதையும் போட வேண்டும். என் குறிப்பில் அது இல்லை. அது என் தவறு.

முழங்கால்தழும்பு | திங்கள், இரவு 9.44

நான் 38 வைத்திருந்தேன். இதை என் மனைவியிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

பாறைமேல்பூனை | செவ்வாய், மாலை 5.30

உயர்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். இந்த இழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

புக்கிட் தீமாவின் கல் ஏன் அப்படி உருண்டையாக, தலையணை போல இருக்கிறது என்று யோசித்தீர்களா? அது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய கருங்கல். ஆழத்தில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து உறைந்தது. அதில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. நம் வெப்பத்திலும் மழையிலும் தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியே இறங்கிக் கல்லை மண்ணாக்கிக்கொண்டே வருகிறது. மூலைகள் இரண்டு மூன்று பக்கத்திலிருந்தும் தாக்கப்படுவதால் முதலில் மக்குகின்றன. நடுவில் மக்காமல் எஞ்சுவதுதான் அந்த உருண்டை. சுற்றியிருந்த மண்ணை மழை அரித்ததும் அது வெளியே தலைகாட்டுகிறது.

சைக்கிள்காரருக்கு இதில் இரண்டு செய்தி இருக்கிறது. முதலாவது, அந்த உருண்டைகளுக்குக் கூரிய விளிம்பு அதிகம் இல்லை. டயரைக் கிழிப்பது குறைவு, பக்கவாட்டில் வழுக்கி இறக்கிவிடுவது அதிகம். இரண்டாவது, அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது களிமண் கலந்த மண். காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் சவர்க்காரம். கல்லில் ஒட்டிய களிமண் டயருக்கும் வந்துவிடும், அப்புறம் அடுத்த கல்லிலும் பிடிப்பு இருக்காது.

உடைத்த கல் வேறு ஜாதி. டெய்ரி ஃபார்ம், ஹிண்ட்ஹீட் ஆகிய இடங்களில் ஒரு காலத்தில் குவாரிகள் இருந்தன. உபினிலும் அப்படித்தான், 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் அங்கிருந்துதான் போனது. அங்கே கடைசிக் குவாரி 1999இல் மூடப்பட்டது. கெத்தாம் பூங்காவே ஒரு பழைய குவாரியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. வெடி வைத்து உடைத்த கல்லுக்கு முனை உண்டு, தட்டையான முகம் உண்டு. காய்ந்த நாளில் டயருக்கு நன்றாகப் பிடிக்கும். விழுந்தால் தோலுக்கும் நன்றாகப் பிடிக்கும்.

எனவே "கல்" என்று எழுதும்போது உருண்டையா, முனையா என்று ஒரு சொல் சேருங்கள். அதற்கு மேல் புவியியல் பாடம் நடத்த மாட்டேன். (நடத்திவிட்டேன் என்று தெரியும்.)

பின்னால்வருபவள் | செவ்வாய், இரவு 10.15

எல்லோரும் கல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கல் இல்லாத இடத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

பதின்மூன்று வயது மகனோடு போகிறேன். அவன் முன்னால், நான் பின்னால். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த இடத்தில் வேண்டாம் என்று முடிவெடுத்தால் நிற்க முடியுமா? சில இறக்கங்களில் கல் தெரியும் புள்ளிக்கு வரும்போது பிரேக் பிடித்து நிற்கத் தூரம் மிச்சமிருக்கும். வேறு சில இடங்களில் திருப்பம் கண்ணை மறைத்துவிடும். கல் தெரியும்போது முன் சக்கரம் அதன் மேல் இருக்கும். தம்பி விழுந்தது இரண்டாவது வகை இடம். கல் அதே கல்லாகவே இருக்கட்டும், பத்து மீட்டர் முன்பே தெரிந்திருந்தால் அவர் இறங்கித் தள்ளியிருப்பார்.

அப்புறம், பக்கத்தில் சுற்றுவழி இருக்கிறதா? இறங்கித் தள்ளக் கால் வைக்க இடம் இருக்கிறதா? ஒரு பக்கம் சரிவா? கல்லில் விழுந்தால் முழங்கால் போகும். சரிவில் விழுந்தால் வேறு கதை. நிறக் குறியில் இது எதுவும் வராது. செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் அவனோடு பயம் இல்லாமல் போக முடிந்ததற்குக் காரணம் பாதை எளிது என்பதல்ல, பல இடங்களில் ஒதுங்க இடம் இருந்தது என்பதுதான்.

இன்னொன்று. ஜெர்மானியர்கள் உருவாக்கிய ஒற்றைத் தட அளவுகோல் ஒன்று இருக்கிறது, S0 முதல் S5 வரை. S1 என்றால் சிறு வேர்கள், சிறு கற்கள். S2 என்றால் பெரிய கற்களும் பெயர்ந்த தரையும். S3 என்றால் பாறைகள் அடுக்கடுக்காக வரும். எனக்கு அது இம்பாவைவிடப் பிடிக்கும், ஏனென்றால் பாதையின் பெயரை விட்டுத் தரையைப் பேசுகிறது. ஆனால் அதன் அடிப்படை நிபந்தனையைப் படித்தபோது சிரித்துவிட்டேன்: தரை காய்ந்திருக்க வேண்டுமாம். டிசம்பரில் இங்கே வந்து பார்க்கட்டும்.

இடைமறிப்பு | புதன், காலை 11.02

ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நீளமா? "ராக் கார்டன்" என்று எழுதினால் உலகத்தில் எந்த மலைச் சைக்கிள்காரருக்கும் புரியும். தமிழில் கல்லுக்குப் பெயர் தேடுவது வீண் வேலை.

கெத்தாம்காற்று | புதன், பகல் 12.40

"ராக் கார்டன்" என்று சொன்னால் என் அம்மாவுக்குத் தோன்றுவது சண்டிகரில் அந்தப் பெயரில் இருக்கும் சிற்பப் பூங்கா. உங்களுக்குத் தோன்றுவது எது என்று எனக்குத் தெரியாது. அதில் எத்தனை கல், எவ்வளவு உயரம், பதிந்ததா பெயர்ந்ததா? நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதும் "கொஞ்சம் கல் இருக்கும்" என்பதும் ஒன்றுதான்.

தேக்காத்தாத்தா | புதன், மாலை 6.25

பிள்ளைகளே, எனக்கு எழுபத்து இரண்டு வயது. மலையில் சைக்கிள் ஓட்டுவதில்லை. பேரன் ஓட்டுகிறான், அவனுக்காகத்தான் இந்தக் குழுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இடைமறிப்புக்கு மட்டும் ஒரு பதில்.

கல்லின் மேல் நடந்தே பழகிய மொழி இது. பரல் என்றால் காலில் உறுத்தும் சிறு கல், வெயிலில் காய்ந்த வழியில் கிடப்பது. அறை என்றால் அகன்று மட்டமாகக் கிடக்கும் பாறை. துறுகல் என்றால் உருண்டு திரண்டு நிற்கும் பெரிய கல். ஆசிரியை அம்மா சொன்ன உருண்டை அதுதான். பிணர் என்றால் கல்லின் மேல்தோலில் உள்ள சொரசொரப்பு. சங்கப் பாடல் ஒன்றில் பெருமழையில் நனைந்த துறுகல், அழுக்குப் போகக் கழுவிய யானையைப் போல் தெரியும். குறிஞ்சியில் வாழ்ந்தவர்களுக்குக் கல்லின் அளவு, வடிவம், தோல், ஈரம் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது. ஐந்து விஷயத்தையும் ஒரே நிறத்தில் பிசையவில்லை அவர்கள்.

பழைய சொற்களை எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல மாட்டேன். "பிணர்" என்று எழுதினால் பேரன் பிணம் என்று படிப்பான். சல்லிக்கணக்குத் தம்பி சொன்ன பதிந்த கல், பெயர்ந்த கல் போதும். அவை அருமையான சொற்கள். ஆனால் துறுகல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஈரச்சங்கிலி | புதன், மாலை 6.50

ஐயா, கழுவிய யானை மேல் சைக்கிள் ஓட்டுவது எந்த நிறம்?

தேக்காத்தாத்தா | புதன், இரவு 7.15

யானையின் மனநிலையைப் பொறுத்தது.

ஏற்றக்காரி | புதன், இரவு 9.00

எல்லோரும் இறக்கத்தையே பேசுகிறீர்கள். ஏறும்போதும் கல் இருக்கிறது என்பதை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா?

இறங்கும்போது 15 செ.மீ. கல்லை வேகம் தாண்டவைக்கும். ஏறும்போது அதே கல்லில் பின் சக்கரம் ஒரு முறை வழுக்கினால் போதும், கால் தரைக்கு வந்துவிடும், மறுபடி அதே இடத்திலிருந்து மிதித்துக் கிளம்ப முடியாது. எல்லோரும் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதைகளைக் குறிப்பவர்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பொதுக் கடினத்துக்கு 0 முதல் 6 வரை ஓர் எண், ஏற்றத்துக்கு மட்டும் 0 முதல் 5 வரை தனியாக இன்னோர் எண். புக்கிட் தீமா 163 மீட்டர் உயரம்தான், சிரிக்கலாம். அந்த 163 மீட்டரில் ஒரு பகுதியைக் கல்லின் மேல் மூன்று முறை ஏறிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

முழங்கால்தழும்பு | சனி, மதியம் 1.30

இன்று காலை மறுபடி அங்கே போனேன். சைக்கிள் இல்லாமல், நொண்டிக்கொண்டு, தையல் பெட்டியிலிருந்து எடுத்த அளவு நாடாவோடு. ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். மானம் என்று சொல்லத் தோன்றியது.

பாதையை மறிக்காமல் ஓரமாக உட்கார்ந்து அளந்தேன். திருப்பத்திலிருந்து முதல் கல்லுக்கு 4 மீட்டர். பின்னால்வருபவள் அக்கா சொன்னது சரி, நிற்கத் தூரம் இல்லை. மொத்தம் ஒன்பது துறுகற்கள் (ஐயாவுக்காக). எல்லாம் பதிந்தவை, ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்தேன், நல்ல காலால். பெரும்பாலானவை 10 முதல் 14 செ.மீ. மூன்றாவது மட்டும் 22.

எனக்கு விடை கிடைத்தது உயரத்தில் இல்லை, இடைவெளியில். முதல் இரண்டு கற்களுக்கு நடுவே தாராளமாக இடம் இருக்கிறது, சக்கரம் தரையில் இறங்கி மூச்சு விட்டுக்கொள்ளலாம். மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே 118 செ.மீ. வீட்டுக்கு வந்து என் சைக்கிளின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே அளந்தேன்: 117. அதாவது முன் சக்கரம் ஐந்தாவது கல்லில் முட்டும் அதே கணத்தில் பின் சக்கரம் மூன்றாவது கல்லில் முட்டுகிறது. ஒன்றைத் தாண்டவே வேகம் போதாமல் இருந்தவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில். நான்காவது கல் வலது பக்கம் ஒதுங்கி நின்று முன் சக்கரத்தைப் பள்ளத்துக்குள் தள்ளிவிடுகிறது.

இடது ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்குக் கல் இல்லாத மண் தடம் இருக்கிறது. திருப்பத்தை அகலமாக எடுத்தால் நேராக அதில் போய்ச் சேரலாம். போன சனிக்கிழமை என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

மெல்லமிதி | சனி, மாலை 4.10

அந்த மண் தடத்தில்தான் நான் பதினோரு வருடமாகப் போகிறேன். இப்போதுதான் புரிகிறது, எனக்கு ஏன் கொஞ்சம் கல்லாகத் தெரிந்தது என்று. கல்லின் மேல் நான் போனதே இல்லை.

குறிப்பை மாற்றிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது:

"கண் மறைக்கும் திருப்பம், தாண்டி 4 மீட்டரில் ஒன்பது உருண்டைக் கற்கள், எல்லாம் பதிந்தவை. உயரம் 10 முதல் 14 செ.மீ., மூன்றாவது 22. மூன்றும் ஐந்தும் இரண்டு சக்கரத்திலும் ஒரே நேரத்தில் அடிக்கும். இடது ஓரத்தில் ஒரு முழ அகலம் மண் தடம், திருப்பத்தை அகலமாக எடுத்தால் கிடைக்கும். மழைக்குப் பிறகு அந்த மண் தடம் கல்லைவிட மோசம். முடிவில் ஒன்றரை ஜல்லி, பெயர்ந்தது. அங்கே முன் பிரேக்கைத் தொட வேண்டாம். இறங்கித் தள்ள வலது பக்கம் இடம் உண்டு. எழுதியவர்: 29 அங்குலச் சக்கரம், இரட்டை சஸ்பென்ஷன், காய்ந்த நாள். அளந்தவர்: தையல் போட்ட முழங்கால்."

பின்னால்வருபவள் | சனி, மாலை 4.32

இதைப் படித்துவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போகலாம். நன்றி இருவருக்கும்.

சல்லிக்கணக்கு | சனி, இரவு 8.05

தம்பி, ஒரு சந்தேகம். மூன்றாவது கல் 22 என்றீர்களே, மேல் பக்கம் அளந்ததா, கீழ்ப் பக்கம் அளந்ததா? சரிவில் கிடக்கும் கல்லுக்கு இரண்டு உயரம் உண்டு. சக்கரம் ஏறுவது ஒரு உயரம், விழுவது வேறு உயரம்.

முழங்கால்தழும்பு | சனி, இரவு 8.11

மேல் பக்கம்.

நாளைக் காலை மறுபடி போகிறேன். மனைவியும் வருகிறாள், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க.